அடகு மீட்பும் ஆத்தும மீட்பும்: சீட்டைக் கிழித்த பிறகு தீர்ப்பு எதற்கு?

செக்காலைக் கணக்கன் (ஞாயிறு, இரவு 9.40)

காரைக்குடியில் ஓர் அடகுக்கடையில் 21 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இன்று பூசையில் வாசித்த சுவிசேஷம் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டில் பேசிப் பார்த்தேன், தீரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

மத்தேயு 18, 23 முதல் 35 வரை. ராஜா கணக்குப் பார்க்க உட்காருகிறார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், தொகையை மட்டும் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. இன்று போட்டேன். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று அதே மத்தேயு 20:2-இல் இருக்கிறது. ஆக 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருடம் ஆகும். இவனுக்கு உடன் வேலைக்காரன் தரவேண்டியதோ 100 தெனாரியம், நாலு மாதக் கூலி.

பெரிய கடனை ராஜா விட்டுவிடுகிறார். இவன் வெளியே போய் நூறு தெனாரியத்துக்காக மற்றவன் கழுத்தைப் பிடிக்கிறான். ராஜா அவனைத் திரும்பக் கூப்பிட்டு, பட்ட கடன் முழுவதும் தீர்க்கும் வரை சிறையில் வதைக்கச் சொல்லிவிடுகிறார்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் கடையில் கணக்கை முடித்தால் முடித்ததுதான். சீட்டின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, "மீட்பு" என்று எழுதி, தேதி போட்டு, கம்பியில் குத்திவிடுவேன். கம்பியில் ஏறிய சீட்டை உருவி எடுத்து, இந்தக் கடன் இன்னும் நடப்பில் இருக்கிறது என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. ராஜா சொல்கிறாரே?

வெள்ளிக்கிழமை ஓர் அம்மா வந்தார். மூன்று வருடமாக வட்டி மட்டும் கட்டி வந்த தாலிக்கொடி. அசலையும் கட்டிவிட்டார். பெட்டியிலிருந்து உறையை எடுத்து, அவர் முன்னால் பிரித்து, தராசில் வைத்தேன். அவர் எடையைப் பார்க்கவே இல்லை. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றுக்கு மேலேயே போட்டுக்கொண்டார். நான் சீட்டில் "மீட்பு" என்று எழுதினேன். கோயிலிலும் இதே சொல்தான். இரண்டும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம் இன்னொன்று. கடைசி நாளில் புத்தகங்கள் திறக்கப்படும், அவற்றில் எழுதியிருக்கிறபடி தீர்ப்பு என்று வெளிப்படுத்தின விசேஷம் 20:12 சொல்கிறது. சீட்டை அடித்தாகிவிட்டது என்றால் பேரேட்டை எதற்குத் திறக்க வேண்டும்?

ஓரியூர்ப் பாதை (ஞாயிறு, இரவு 10.25)

அண்ணே, தேவகோட்டைப் பக்கம் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இந்த உவமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு வரியில் நிறுத்துவேன். அந்த வேலைக்காரன் என்ன கேட்டான்? "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றுதான் கேட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை, தவணை கேட்டான். 2 லட்சம் வருடக் கூலியைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ராஜா கடனையே விட்டுவிட்டார். இவன் காதில் அது விழவே இல்லை. தவணை கிடைத்ததாக எண்ணிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பிவிட்டான். தான் இன்னும் கடன்காரன் என்று நினைக்கிறவனால் அடுத்தவன் கடனை விட முடியாது.

நீங்கள் கம்பியில் குத்திய சீட்டை ராஜா உருவி எடுத்ததாக நினைக்கிறீர்கள். அவன் அந்தச் சீட்டைக் கையை நீட்டி வாங்கவே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஓரியூரில் அருளானந்தரை, போர்ச்சுகலிலிருந்து வந்த குருவானவர் ஜான் தெ பிரித்தோவை, 1693 பிப்ரவரி 4-இல் வெட்டினார்கள். அங்கே மண் சிவப்பு. பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும், "டீச்சர், வெட்டினவங்களுக்குத் தீர்ப்பு உண்டா?" என்று. உண்டு என்பேன். "மன்னிப்பு?" அதுவும் உண்டு என்பேன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு மேல் நானும் திணறியிருக்கிறேன். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேறு யாராவது சொல்லுங்கள்.

பழைய ஏற்பாடு (திங்கள், காலை 6.10)

நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். ஆனால் இந்த விஷயத்தில் நமக்குள் பெரிய தூரம் இல்லை.

முதலில் சொல்லைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:12, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. லூக்கா 11:4-இல் அதே ஜெபம் "பாவங்களை" என்கிறது. இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல், ஹோபா. கடைக்கணக்கை வைத்து யோசிக்கிறோமே, தப்போ என்று நீங்கள் தயங்க வேண்டாம். வேதமே அந்தக் கடையில்தான் உட்கார்ந்து பேசுகிறது.

கொலோசெயர் 2:14-ஐப் படியுங்கள். நமக்கு எதிரிடையாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து" என்று வரும். அந்த "கையெழுத்து" கிரேக்கத்தில் கெய்ரோகிராபோன், கடன்பட்டவன் தன் கையால் எழுதிக் கொடுக்கிற கடன்பத்திரம். நம் ஊர் பாஷையில் கைச்சீட்டு, புரோநோட்டு. உங்கள் கம்பியைப் படித்ததும் எனக்கு இந்த வசனம்தான் வந்தது.

"முடிந்தது" என்று சிலுவையில் சொன்ன சொல்லே "கடன் செல்லாயிற்று" என்று அந்தக் காலச் சீட்டுகளில் எழுதும் சொல் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நான் அதைச் சொல்வதில்லை. யோவான் 19:30 சொல்வது "முடிந்தது" என்பதுதான். அதுவே போதும். கடன்பத்திரத்துக்குக் கொலோசெயர் வசனம் இருக்கும்போது மற்றது தேவையில்லை.

ஆத்தங்குடிப் பேரன் (திங்கள், காலை 11.30)

நான் எந்தக் கோயிலுக்கும் போகிறவன் இல்லை. ஆனால் கேள்வியை மதித்துக் கேட்கிறேன்.

ஒரு கடனை யாரோ முழுசாகக் கட்டிவிட்டால், கொடுத்தவர் அதை மன்னித்தார் என்று சொல்ல முடியாது. வசூலித்துவிட்டார், அவ்வளவுதான். மன்னித்திருந்தால் யாரும் கட்டியிருக்க வேண்டாம். இயேசு நம் கடனைக் கட்டினார், கடவுள் மன்னித்தார் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். இதில் ஏதாவது ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? அதோடு, ஒருவன் கடனுக்கு வேறொருவன் உயிரை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

செக்காலைக் கணக்கன் (திங்கள், இரவு 9.15)

தம்பி, பகல் முழுக்க உங்கள் கேள்விதான் தலையில் ஓடியது. வேதம் நான் அதிகம் படித்தவன் இல்லை, கணக்கு தெரியும். அதிலிருந்து சொல்கிறேன்.

கடனை விட்டுவிடுவது என்றால் தொகை காற்றில் கரைந்து போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படிக் கரையாது. ஒருவர் 10,000 ரூபாய் தர வேண்டும், முதலாளி "விட்டுவிடு" என்கிறார் என்று வையுங்கள். அவர் பெயரில் இருக்கும் பற்றை நான் அடித்துவிட்டு அப்படியே விட்டால் வருடக் கடைசியில் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, நிற்காது. அந்த 10,000 எங்காவது ஏற வேண்டும். முதலாளியின் சொந்தக் கணக்கில் நட்டமாக ஏறும். மன்னிக்கிறவர்தான் கட்டுகிறார். மன்னிப்பு என்பதே அதுதான். 21 வருடத்தில் இதற்கு மாற்று நான் பார்த்ததில்லை.

அதனால் மன்னித்தாரா, கட்டினாரா என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்து அவர் உயிரை வாங்கியிருந்தால் நீங்கள் சொல்வது சரி, அது அநியாயம். ஆனால் எங்கள் விசுவாசம், சிலுவையில் தொங்கியவர் கடன் கொடுத்தவரேதான் என்கிறது. முதலாளி தன் பேரேட்டில் தன் கையாலேயே நட்டம் எழுதிக்கொண்டார்.

பழைய ஏற்பாடு (திங்கள், இரவு 10.05)

சரியாகச் சொன்னீர்கள். இதோடு பிணையாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் கடனுக்கு ஜாமீன் நிற்காதே, உன்னிடம் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான் என்று நீதிமொழிகள் 22:26, 27 எச்சரிக்கிறது. எபிரெயர் 7:22 இயேசுவையே பிணையாளி என்கிறது. வேண்டாம் என்று வேதம் தடுத்த இடத்திலேயே அவர் போய் நின்றிருக்கிறார்.

உறவும் இதில் இருக்கிறது. லேவியராகமம் 25-இன்படி, வறுமையால் நிலத்தையோ தன்னையோ விற்றவனை மீட்கும் உரிமை நெருங்கிய உறவுக்காரனுக்கு. எபிரெயத்தில் கோயேல். ரூத் என்ற விதவையின் சரித்திரத்தில், போவாஸ் என்ற உறவுக்காரரைவிட நெருங்கிய ஒரு பங்காளி இருந்தான். மீட்டால் தன் சொத்து கெடும் என்று ஒதுங்கிக்கொண்டான், உரிமையை விட்டதற்கு அடையாளமாகச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். போவாஸ் மீட்டார். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று யோபு சொல்லும் இடத்திலும் இதே கோயேல்தான். அந்நியன் யாரும் வந்து மீட்பதில்லை. அதனால்தான் அவர் மனிதனாகப் பிறந்து முதலில் நமக்கு உறவானார் என்று எங்கள் போதகர் சொல்வார்.

பெட்டகசாலை (செவ்வாய், காலை 5.50)

கானாடுகாத்தான். வயது 71. நான் சைவன், பிள்ளையார்பட்டிக் கோயிலைச் சேர்ந்த செட்டியார். உங்கள் வேதத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டா தெரியாது. ஆனால் நீங்கள் பேசுவது எங்கள் வீட்டு விஷயம். ராத்திரி தூங்கவில்லை.

எங்கள் ஐயா (பாட்டனார்) பர்மாவில் பெகு பக்கம் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலமெல்லாம் கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் 25 பங்கு. ஐயாவும் அதில் ஒருவர். அந்தப் பணத்தில் வந்த தேக்குத் தூண் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அப்புறம் சண்டை வந்தது, 1948-க்குப் பிறகு அந்த நாட்டு அரசாங்கம் நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. "போனது போச்சு, நேர் ஆயிருச்சு" என்று அப்பச்சி (என் அப்பா) சொல்வார்கள். எனக்கு நேர் ஆனதாகத் தெரியவில்லை. அரசாங்கம் எடுத்தது எங்களிடமிருந்து. 1932-இல் நிலத்தை விட்டு எழுந்து போன குடும்பத்துக்கு அதில் என்ன வந்தது?

எங்கள் பக்கத்தில் சுந்தரர் கதை உண்டு. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழித்தது நகலான படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளியே வருகிறது. பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டிவிட்டது. கட்டியவர் சிவபெருமான் என்பது பிறகு தெரிகிறது, அது அவருக்கு அருளாகவே முடிகிறது. ஆனால் நான் பேரன். என் பாட்டன் கையெழுத்து என்னை எதற்குக் கட்டும்? உங்கள் வேதம் இதற்கு என்ன சொல்கிறது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பழைய ஏற்பாடு (செவ்வாய், காலை 8.20)

ஐயா, உங்களுக்கு இல்லாத உரிமை இங்கே யாருக்கும் இல்லை.

எசேக்கியேல் 18. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று இஸ்ரவேலில் ஒரு பழமொழி இருந்தது. இனி அதைச் சொல்லவே வேண்டாம் என்கிறார் கர்த்தர். 20-ஆம் வசனம்: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை". அதே அதிகாரத்தில் நீதிமான் யார் என்று சொல்லும்போது என்ன வருகிறது பாருங்கள்: "வட்டிக்குக் கொடாமலும், பொலிசை வாங்காமலும்". பொலிசை என்றால் வட்டிதான், அந்தப் பழைய சொல் உங்கள் வீட்டு ஏடுகளிலும் இருக்கலாம். வட்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டுத்தான், தகப்பன் பாவம் மகனைச் சேராது என்கிறது.

அதனால் தீர்ப்பில் உங்கள் ஐயாவின் குற்றம் உங்கள் பெயரில் வாசிக்கப்படாது.

மழுப்பாதே என்றீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குற்றம் வேறு, பொருள் வேறு. நெகேமியா 5-இல் பஞ்சம் வந்து ஜனங்கள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைக்கிறார்கள், பிள்ளைகளை அடிமையாக விடுகிறார்கள். நெகேமியா கோபப்பட்டுச் சபையைக் கூட்டி, நிலத்தையும் நூற்றுக்கு ஒன்று வாங்கிய வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கிறார்கள். எண்ணாகமம் 5:7, 8-இன்படி, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறவுக்காரனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரும். வாரிசு கிடைக்கவில்லை என்பதால் கணக்கு முடிந்துவிடவில்லை.

ஓரியூர்ப் பாதை (செவ்வாய், மாலை 5.40)

இந்த இடத்தில் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனம் செய்தால், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டால், பாவம் மன்னிக்கப்படுகிறது, ஆனாலும் குருவானவர் பரிகாரம் கொடுக்கிறார். மற்ற சபை நண்பர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள்: சீட்டைக் கிழித்தாகிவிட்டதே, இன்னும் என்ன பாக்கி என்று. பரிகாரம் மீதிக் கடனுக்கான தவணை இல்லை என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சகேயுவைப் பாருங்கள். வரி வாங்கிப் பணக்காரன் ஆனவன். இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்கு என்கிறான். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்த பிறகு அவனால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

பழைய ஏற்பாடு (செவ்வாய், மாலை 6.30)

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, சகோதரி. உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது இறந்தபின் ஆத்துமா சுத்தமாகும் இடம், என்று ஆரம்பித்தால் சண்டை வரும், அதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம். நற்கிரியை மீட்பைச் சம்பாதிப்பதில்லை, மீட்கப்பட்டதால் வருகிறது என்று கத்தோலிக்க சபையும் லுத்தரன் சபைகளும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

கணக்கரின் இரண்டாம் கேள்வி பாக்கி நிற்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 20:12-இல் "புஸ்தகங்கள் திறக்கப்பட்டன" என்று பன்மையில் ஒன்று, "ஜீவபுஸ்தகம் என்னும் வேறொரு புஸ்தகமும்" என்று ஒருமையில் ஒன்று. முதலாவதில் செய்தது எல்லாம் இருக்கும். இரண்டாவதில் பெயர் மட்டும். பேரேட்டை எரித்துவிட்டு மன்னிப்பதாக அங்கே இல்லை. இரண்டும் ஒரே மேசையில் திறந்து கிடக்கின்றன.

ஆத்தங்குடிப் பேரன் (செவ்வாய், இரவு 8.10)

பெட்டகசாலை ஐயா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று பிடிபடுகிறது. தீர்ப்பு என்றால் தண்டனை என்று மட்டும் நினைத்திருந்தேன். அந்தப் பர்மாக் குடும்பத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால், பேரேட்டை யாராவது ஒருநாள் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. வாசிக்காமல் மன்னித்தால் அவர்களுக்கு நடந்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இதை நான் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பெட்டகசாலை (புதன், காலை 6.05)

நேற்று ராத்திரி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருந்த பெட்டகத்தைத் திறந்து ஐயாவின் பேரேடுகளை எடுத்தேன். சண்டைக்கு முந்தின பயணத்திலேயே ஊருக்கு வந்துவிட்டவை. ஆறு. ஒன்றைச் செல் அரித்துவிட்டது. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம். அடுத்து மகமைக் கணக்கு, கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கியது. அதற்கு அப்புறம்தான் ஆட்கள். பர்மாப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

1931 முதல் 1934 வரை பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பெரும்பாலான பெயர்களுக்குக் கீழே "நிலம் பற்று", அதாவது கடனுக்கு நிலத்தை எடுத்துக்கொண்டது, என்று எழுதிக் கணக்கு முடிந்திருக்கிறது. நாற்பத்து மூன்று பெயர் எண்ணினேன். ஒரே ஒரு பக்கத்தில் வேறு மாதிரி இருந்தது. 860 ரூபாய் பாக்கி. குறுக்கே கோடு. பக்கத்தில் "சொந்தச் செலவில் எழுதியது" என்று ஐயா கை. நம்பாமல் ஐயாவின் சொந்தக் கணக்குப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். அதே தேதியில் 860 ஏறியிருக்கிறது. காரணம் எழுதவில்லை. அந்த ஆளுக்கு என்ன வந்தது, ஐயாவுக்கு என்ன தோன்றியது, எதுவும் தெரியாது.

கணக்கர் தம்பி திங்கட்கிழமை எழுதியது அப்படியே என் பாட்டன் கையில் இருக்கிறது. ஒன்று இருக்கிறது. நாற்பத்து மூன்றும் இருக்கிறது. இந்த ஒன்றை வைத்து அந்த நாற்பத்து மூன்றை மறைக்க நான் தயாராக இல்லை.

பெயர்களோடு ஊர்ப்பெயரும் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஐயா காதில் விழுந்தபடி எழுதியது. பர்மிய மொழி தெரிந்தவர் யாராவது இருந்தால் இப்போது அது எந்த ஊர் என்று சொல்ல முடியும். வாரிசு கிடைக்குமா தெரியாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எண்ணாகமம் சொன்னதை மறுபடி படித்தேன்.

செக்காலைக் கணக்கன் (புதன், இரவு 9.50)

ஐயா, பழைய பேரேட்டு எழுத்தும் குறியும் எனக்கு வாசிக்க வரும். பக்கத்துக் கடைப் பெரியவர் ஒருவரின் குடும்பம் பர்மாவிலிருந்து திரும்பி வந்தது, அவருக்கு அந்தப் பாஷை கொஞ்சம் பேச வரும். கேட்டேன், வருகிறேன் என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பி வந்தால் உங்களுக்குத் தோதுப்படுமா?

பெட்டகசாலை (வியாழன், காலை 5.45)

வாருங்கள் தம்பி. பதினோரு மணிக்குள் வந்தால் வளவில் வெளிச்சம் நன்றாக இருக்கும். பேரேடுகளை முன்கூட்டியே எடுத்து வெயிலில் காய வைத்துவிடுகிறேன். சாப்பாடு நம் வீட்டில்.